கேரவன் வேனுக்குப் பழைய டீசல் இன்ஜினா, புது பிஎஸ்6 இன்ஜினா? ராமநாதபுரம் கடற்கரையில் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

தொண்டிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு வேனை வாங்கிக் கேரவனாகக் கட்டுவது என்று முடிவாகிவிட்டது. அப்பாவுக்கு முதுகுவலி, நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை. வழியில் கழிப்பறை தேடி அலைவதற்குப் பயந்தே எங்கும் வர மறுக்கிறார்.

எங்கள் ஓட்டம் இதுதான்: மாதம் இரண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரி. இடையில் தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை, ராமேஸ்வரம். சில ராத்திரி கடற்கரையிலேயே நிறுத்திப் படுக்க ஆசை. வருடத்துக்கு ஒரு தடவை கொடைக்கானல்.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2008 மாடல். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) கிடையாது, கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் டீசல் பம்ப். ஆர்சி புதுப்பித்தாயிற்று. ஸ்டார்ட் செய்தால் ஊரே திரும்பிப் பார்க்கும், ஆனால் சுகமாக ஓடுகிறது. இன்னொன்று 2022 பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது), ஒரே கை ஓட்டியது. விலை இரண்டு மடங்குக்கு மேல். ஊரில் கேட்டால் பாதிப் பேர் புது இன்ஜின் பக்கமே போகாதே, சென்சார் தொல்லை என்கிறார்கள். கடல் ஓரத்தில் ஓட்டுகிறவர்கள் சொன்னால்தான் நம்புவேன்.

கீழக்கரை பயணி

தம்பி, கண்ணை மூடிக்கொண்டு 2008-ஐ எடுங்கள். என்னிடம் அதே மாதிரி ஒரு வேன் 14 வருடம் இருந்தது. மூக்கையூரில் ஒரு ராத்திரி லைட்டை அணைக்க மறந்து தூங்கிவிட்டோம். விடியும்போது பேட்டரி சுத்தமாகச் செத்துக் கிடந்தது. மீன் எடுக்க வந்த நாலு பேர் தள்ளினார்கள், இரண்டாம் கியரில் போட்டு க்ளட்சை விட்டேன், பிடித்துக்கொண்டது. அந்த இன்ஜினுக்கு ஒரு தடவை சுற்றிவிட்டால் போதும், அப்புறம் கரண்டே வேண்டாம். டீசலும் காற்றும் இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். புது வண்டியில் ஒரு சின்ன ஒயர் விட்டுப்போனாலும் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

கோவை டர்போ

அண்ணே சொல்வது உண்மைதான், ஆனால் அது பாதிக் கதை. பழைய இன்ஜினில் இழுவை எங்கே இருக்கிறது?

பல வருடம் நம்மூர் வேன்களில் ஓடியது மெர்சிடஸின் ஓஎம்616 வழியில் வந்த 2.4 லிட்டர் இன்ஜின். ஜெர்மனியில் 240டி காரில் இருந்த அதே குடும்பம். அந்தக் காரில் அது கொடுத்தது 72 குதிரைத்திறன், 137 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இன்றைக்கு ஃபோர்ஸ் டிராவலர், அர்பேனியா இரண்டிலும் இருக்கும் 2.6 லிட்டர் காமன் ரெயில் இன்ஜின் (பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கி, கம்ப்யூட்டர் சொல்படி பீச்சுவது) 115 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். அளவில் 200 சிசிதான் கூட, முறுக்குவிசை இரண்டரை மடங்கு. அதுவும் 1400 சுற்றிலேயே முழுசாகக் கிடைக்கிறது.

கேரவன் என்றால் கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, அலமாரி எல்லாம் ஏறும். காலி வேன் ஓட்டிய அனுபவத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று, கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீத சக்தியை இழக்கும். இருக்கிற 70 சொச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு மலையிலேயே போய்விடும். டர்போ அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

மண்டபம் பட்டறை

தம்பி தொண்டிக்கரை, நான் 27 வருடமாக டீசல் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறவன். விசைப்படகும் பார்ப்பேன், வேனும் பார்ப்பேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், எங்கள் பட்டறையில் நிற்க இடம் இருக்காது. அத்தனை படகு இன்ஜினும் அப்போதுதான் கரைக்கு வரும். அதனால் இரண்டு விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் டீசல் எரிகிற இடத்தில் இருக்கிறது. பழைய வேன் இன்ஜினில் சிலிண்டர் தலையில் ஒரு சின்ன அறை இருக்கும். நாசில் அதற்குள் நூற்றுச் சொச்சம் பார் அழுத்தத்தில் டீசலைப் பீச்சும். அங்கே பற்றிக்கொண்டு பிறகு பிஸ்டன் மேலே பாயும். அந்த அறைச் சுவரிலேயே நிறையச் சூடு வீணாகும், அதனால்தான் மைலேஜ் அடிபடுகிறது. காமன் ரெயிலில் 1600 பாருக்கு மேல் அழுத்தம். டீசல் பனி மாதிரி போகிறது. ஒரே தடவையாக ஊற்றுவதும் இல்லை. முதலில் ஒரு துளி, பிறகு பெரிய பங்கு, சில சமயம் அதற்குப் பிறகும் கொஞ்சம். அந்த முதல் துளியால்தான் 'டக டக' சத்தம் அடங்கியது. அம்மா பின்னால் படுத்துக்கொண்டு வருவார் என்றால் இது சின்ன விஷயம் இல்லை. பழைய இன்ஜின் ஓடும் வேனில் படுத்து மதுரை போய் இறங்கினால் காதில் ரீங்காரம் ராத்திரி வரை நிற்கும்.

இழுவையில், மைலேஜில், சத்தத்தில், புகையில் புது இன்ஜின்தான் மேல். என் மனதறிய இதை மறைக்க முடியாது. ஆனால் ஓட்டம் எப்படி என்று பார்க்காமல் அதை வாங்கினால் அழுவீர்கள். ராமேஸ்வரம் வேன்காரர் இங்கே இருக்கிறார், அவர் பட்டதை அவரே சொல்லட்டும்.

ராமேஸ்வரம் வேன்

சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், எந்த வண்டிக்கும் வரக்கூடியதுதான்.

2021-ல் பிஎஸ்6 வேன் எடுத்தேன். வேலை கோயில் வாசலிலிருந்து தனுஷ்கோடி, அரிச்சல்முனை. போக 20 கிலோமீட்டர், வர 20. முனையில் ஆட்கள் கடல் பார்க்கிற ஒரு மணி நேரமும் ஏசி ஓட வேண்டும் என்பார்கள். இன்ஜினை அணைக்கவே மாட்டேன். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ஊர்ந்துதான் போக முடியும்.

ஐந்தாம் மாதம் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அதே வாரம் காலையில் ஆயில் பார்க்கக் குச்சியை உருவினேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி விரலளவு ஏறி நின்றது. நான் ஊற்றவே இல்லை. என் அப்பா லாரி ஓட்டியவர். குச்சியை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்தார், விரலில் தேய்த்துப் பார்த்தார். "டேய், இது ஆயில் இல்லடா, டீசல் கலந்திருக்கு, தண்ணி மாதிரி வழுக்குது" என்றார். ஆயில் குறைந்து பார்த்திருக்கிறேன், கூடி அன்றைக்குத்தான் பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது.

அதற்குள் தாமதமாகிவிட்டது. மறுநாள் கம்பிப்பாடு பக்கம் வந்துகொண்டிருக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்து பிக்கப் செத்துவிட்டது. 40-க்கு மேல் போகவில்லை. வண்டிக்குள் 13 பேர், அதில் ஒரு பாட்டி. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டி, புகைக்குழாய் வடிகட்டியில் சேர்ந்த கரியை வலுக்கட்டாயமாக எரித்து, ஆயில் பில்டர் எல்லாம் மாற்றி, மூன்று நாள் வண்டி நின்றது. வாங்கும்போது இதை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இன்ஜினை அப்படி ஓடவிட்டே இருக்க மாட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

உச்சிப்புளி டீச்சர்

ஆயில் எப்படிக் கூடும்? யாராவது விளக்குங்களேன். எங்கள் வீட்டிலும் பிஎஸ்6 கார்தான், பள்ளிக்கூடமும் வீடும் மட்டுமே ஓடுகிறது. படித்ததும் பயமாக இருக்கிறது.

கோவை டர்போ

டீச்சர், பயப்பட வேண்டாம், புரிந்துகொண்டால் போதும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6. அதற்காகப் பெரும்பாலான டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி வந்தது. தேன்கூடு மாதிரி இருக்கும். கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடு நிறைய நிறைய அந்தக் கரியை எரித்துக் காலி செய்ய வேண்டும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு தேவை. நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போனால் கரியில் ஒரு பங்கு வழியிலேயே தானாகக் கழியும். மீதி சேர்ந்ததும் கம்ப்யூட்டர் ரீஜென் என்ற வேலையை ஆரம்பிக்கும். சிலிண்டரில் எரிந்து முடிந்த பிறகு கடைசியில் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீச்சும். அது புகைக்குழாயில் போய் எரிந்து சூட்டை ஏற்றும்.

பீச்சிய டீசல் எல்லாம் குழாய்க்குப் போவதில்லை. ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். ரீஜென் ஒருமுறை முழுசாக முடிந்தால் இந்த அளவு சின்னது. பாதியில் இன்ஜினை அணைத்து, மறுபடி ஆரம்பித்து, மறுபடி அணைத்தால் இறங்கிக்கொண்டே இருக்கும். அதுதான் குச்சியில் தெரிந்தது. 20 கிலோமீட்டர் மெதுவான ஓட்டமும் ஒரு மணி நேரம் ஐட்லிங்கும் (நின்றபடியே இன்ஜின் ஓடுவது) சேர்ந்தால் கூடு நிறையும், எரிக்கச் சூடு கிடைக்காது.

வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் நல்ல ரோட்டில் 70 வேகத்தில் ஓட்டுங்கள், டீச்சர். ஐட்லிங் சுற்று வழக்கத்தைவிடக் கூடி, ஃபேன் இரைந்து, சூட்டு வாடை வந்தால் ரீஜென் நடக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அணைக்காதீர்கள்.

ராமேஸ்வரம் வேன்

இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். பத்து நாளைக்கு ஒரு தடவை பரமக்குடி தாண்டி நாலுவழிச் சாலையில் மதுரைப் பக்கம் போய்த் திரும்புகிற சவாரியைத் தேடிப் பிடிப்பேன். ஏசிக்கு இன்ஜினை ஓடவிடுவதை நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் அந்த விளக்கு எரியவே இல்லை. வண்டி மேல் எனக்குக் கோபமும் இல்லை. அதே வேன் பாம்பன் பாலத்தில் எதிர்க்காற்று அடிக்கும்போது, ஆள் நிறைய இருந்தும், கியர் மாற்றாமல் ஏறுகிறது. பழைய வேனில் அந்த ஏற்றத்தில் மூன்றாம் கியருக்கு இறங்கி இரைந்துகொண்டே போவேன்.

மண்டபம் பட்டறை

ஒரு எச்சரிக்கை. ரீஜென் நடக்கும்போது புகைக்குழாய் நெருப்பாக இருக்கும். தொண்டிக்கரை தம்பி கடற்கரையில் நிறுத்திப் படுக்க ஆசை என்கிறார். காய்ந்த பனையோலை, கருவேலஞ்சருகு மேல் நிறுத்தாதீர்கள். மணல் தரை பார்த்து நிறுத்துங்கள்.

கீழக்கரை பயணி

ஆக, வண்டிக்காக நாம் ஓட வேண்டும் என்கிறீர்கள். பழைய இன்ஜினில் இந்தக் கவலை எதுவும் இல்லையே.

மண்டபம் பட்டறை

இல்லை பாய். பழசுக்கு வேறு கவலை. போன மாதம் ஒரு பழைய வேன் வந்தது. ரேடியேட்டரில் எட்டு வருடமாகக் கிணற்றுத் தண்ணீர். நம்மூர்த் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். திறந்தால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் கட்டிப்போய்க் குழாயில் பாதி அடைப்பு. ஹெட் வளைந்துவிட்டது. டர்போ இல்லாத இன்ஜினில் கூடுதல் சுமையை ஏற்றி ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே போனால் முதலில் ஏறுவது சூடுதான். 2008 வண்டி என்றால் பம்ப், நாசில், ரிங், ரேடியேட்டர் நாலுக்கும் பணம் ஒதுக்கித்தான் வாங்க வேண்டும். ஆனால் அந்த நாலையும் நம் மண்டபத்திலேயே, என் பட்டறையிலேயே செய்துவிடலாம். அது பெரிய ஆறுதல், ஒப்புக்கொள்கிறேன். கடலுக்குப் போகிறவர்கள் இன்னும் மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினையே விரும்புவதும் இதனால்தான். நடுக்கடலில் ஸ்பேனர் இருக்கும், ஸ்கேனர் இருக்காது.

இன்னொன்று, நான் பார்த்த பிஎஸ்6 கோளாறுகளில் பாதி இன்ஜின் கோளாறே இல்லை. உப்புக்காற்று. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) ஆராய்ச்சிக்காரர்கள் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று சோதிக்க மண்டபம் முகாமில்தான் நிலையம் வைத்தார்கள் என்றால் பாருங்கள். புது இன்ஜினில் எத்தனை சென்சார், அத்தனை கனெக்டர். ரப்பர் சீல் லேசாக விலகினால் போதும், உள்ளே செம்பில் களிம்பு ஏறிவிடும். கம்ப்யூட்டருக்குத் தப்பான கணக்குப் போகும், அது பயந்து பவரைக் குறைத்துவிடும். பல்லாயிரம் ரூபாய் சென்சாரை மாற்றச் சொன்ன வண்டியை என்னிடம் கொண்டுவந்தார்கள். கனெக்டரைக் கழற்றினேன். பச்சைப் பொடி கொட்டியது. ஸ்பிரே அடித்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்து, கிரீஸ் வைத்துப் பூட்டினேன். விளக்கு அணைந்தது. சேஸிஸில் போல்ட் போட்டிருக்கும் எர்த் ஒயரும் அப்படித்தான், துரு ஏறினால் பத்துக் கோளாறைக் காட்டும்.

உச்சிப்புளி டீச்சர்

இன்னொரு சந்தேகம். இப்போது வருகிற பிஎஸ்6 டீசலில் கந்தகம் குறைவு, அதனால் பழைய பம்ப் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று என் தம்பி சொல்கிறான். உண்மையா?

கோவை டர்போ

பாதி உண்மை. முந்தைய விதியான பிஎஸ்4-ல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்த கந்தகம் இப்போது 10 பிபிஎம். கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வழுவழுப்பும் குறையும், அது நிஜம். ஆனால் சுத்திகரிப்பு ஆலையிலேயே வழுவழுப்புக்கு மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். அதற்கு அளவு விதியும் உண்டு. பழைய பம்ப் தாங்கும். பம்பைக் கொல்வது தண்ணீர் கலந்த டீசலும் மண்ணெண்ணெய் கலந்த டீசலும்தான். காமன் ரெயில் இன்ஜெக்டருக்கு இவை இரண்டும் இன்னும் கெடுதல். பில்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை மாதம் ஒரு தடவை திறந்து வடித்துவிடுங்கள், பழசோ புதுசோ.

ராமேஸ்வரம் வேன்

புகையைச் சுத்தம் செய்யத் தனித் தொட்டியில் ஊற்றும் யூரியாக் கரைசல் பற்றியும் சொல்லிவிடுங்கள். எல்லா பிஎஸ்6 வண்டிக்கும் அது கிடையாது, ஆனால் உள்ளதற்கு மாட்டிக்கொள்கிறார்கள். என் மச்சான் ஒருவர் கேனில் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது என்று வீட்டுத் தண்ணீரைக் கலந்து ஊற்றிவிட்டார்.

மண்டபம் பட்டறை

அய்யய்யோ. அது 32.5 சதவீதம் யூரியா, மீதி உப்பு எடுத்த சுத்தத் தண்ணீர். நம்மூர்த் தண்ணீர் ஒரு டம்ளர் போனாலே பீச்சுகிற நாசிலும் உள்ளே இருக்கிற கேட்டலிஸ்ட்டும் கெடும். தெரிந்தவுடன் ஸ்டார்ட் செய்யாமல் தொட்டியை இறக்கிக் கழுவ வேண்டும். மூடியில் வெள்ளைப் படிகம் தெரிந்தால் சுத்தத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். வெயிலில் கேனை வைக்காதீர்கள். 30 டிகிரிக்குள் வைத்தால் ஒரு வருடம் தாங்கும், 35-ஐத் தொட்டால் ஆறு மாதம். ராமநாதபுரம் வெயிலில் 35-ஐத் தொட நேரம் ஆகாது. தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

கோவை டர்போ

தொண்டிக்கரை, இப்போது உங்கள் ஓட்டத்துக்கு வருகிறேன். மாதம் இரண்டு மதுரைப் பயணம், போக வர நல்ல தூரம். டிபிஎஃப் சுத்தமாக இருக்க அதைவிட நல்ல வேலை இல்லை. உங்களுக்குச் சிக்கல் ராத்திரிதான். ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டால் ராமேஸ்வரம் வேன்காரர் கதைதான்.

அதனால் இன்ஜினை அணைத்துவிட்டு ஏசி ஓட வழி செய்யுங்கள். நன்றாக வெப்பத்தடை செய்த வேனில் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, உள்ளே குளிர்ந்த பிறகு 600, 700 வாட்டில் ஓடும். ஏழு மணி நேரத்துக்கு நாலரை யூனிட். 12 வோல்ட் 200 ஆம்பியர் லித்தியம் பேட்டரி ஒன்று இரண்டரை யூனிட், ஆக இரண்டு வேண்டும். கூரையில் சோலார் பலகை போடுங்கள். கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் ஓடுகிற மாவட்டம், வெயிலுக்கா பஞ்சம்? மீதியை வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தருவது) ஏற்றிக்கொள்ளலாம், நடுவில் டிசி சார்ஜர் வைத்து. புது வண்டி ஆல்டர்னேட்டரோடு நேரடியாக ஒயரைச் சேர்க்காதீர்கள். கேரவனாக மாற்றியதை ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியில் ஏற்றுவதையும் மறக்காதீர்கள்.

கீழக்கரை பயணி

2017-லிருந்து 2020 வரை வந்த பிஎஸ்4 வேன் ஒன்று நல்லதாகக் கிடைத்தால்? காமன் ரெயில், டர்போ எல்லாம் இருக்கும். இந்த வடிகட்டி பெரும்பாலும் இருக்காது. என் மனது இப்போது அங்கே போகிறது.

மண்டபம் பட்டறை

நல்ல யோசனை பாய். தினமும் பத்து இருபது கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ராமேஸ்வரம் தம்பி மாதிரி தீவுக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு அது பொருத்தம். தொண்டிக்கரை தம்பிக்கு மதுரை ஓட்டம் இருப்பதால் பிஎஸ்6-ஐ எடுக்கலாம். புகையும் குறைவு, பின்னால் படுத்திருப்பவர்களுக்கு மூச்சு நிம்மதி. எடுக்கும் முன் ஸ்கேனர் மாட்டி வடிகட்டியில் கரி எவ்வளவு, கடைசி ரீஜென் எப்போது முடிந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் குச்சியை நீங்களே உருவிப் பாருங்கள். ஆயில் எந்த ரகம் ஊற்றினார்கள் என்று பில்லைக் கேளுங்கள். சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். பழைய ஆயிலின் சாம்பல் கூட்டில் தங்கிவிட்டால் எந்தச் சூட்டிலும் எரியாது.

தொண்டிக்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லோரும் மன்னிக்கவும். பிஎஸ்6-ஐயே எடுத்துவிட்டேன். பட்டறை அண்ணன் சொன்னபடி ஸ்கேனர் மாட்டிப் பார்த்தோம், கரி குறைவு. குச்சியில் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றது. முந்தைய உரிமையாளர் மதுரைக்கும் திருச்சிக்கும் ஓட்டியவர்.

கட்டில் மட்டும் போட்டுவிட்டு அப்பாவையும் அம்மாவையும் மதுரைக்குக் கூட்டிப்போனேன். மற்ற வேலை பாக்கி இருக்கிறது. பரமக்குடி தாண்டியதும் பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஒரு தடவைகூட அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. மாட்டுத்தாவணி பக்கத்தில் அம்மாதான் எழுப்பினார்.

அண்ணே, முன்பக்க எர்த் ஒயரில் லேசாகத் துரு தெரிகிறது. எப்போது கொண்டுவரட்டும்?

மண்டபம் பட்டறை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலுக்கு முன்னே வாருங்கள் தம்பி. வரும்போது அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு வாருங்கள், கனெக்டர் மேல் மட்டும் அழுத்தி அடிக்க வேண்டாம். அப்பா அம்மாவையும் கூட்டி வாருங்கள். வேலை முடிய ஒரு மணி நேரம் ஆகும், பக்கத்தில் வேப்பமர நிழல் இருக்கிறது.